முத்திரை குத்தாத சீட்டு

சுவரைப் பார்க்க வேண்டும் என்றாள் யாச்சின்.
ஞாயிற்றுக்கிழமை. வருவேன் என்று சொல்லியிருந்த மழை
வரவில்லை.
பெர்லின் முழுவதும் செல்லுபடியாகும்
இருபத்துநான்கு மணி நேரச் சீட்டு, ஆளுக்கொன்று.

ஜெர்மன் வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவள்.
வேற்றுமை உருபில் இருவரும் தோற்றவர்கள்.
எங்கள் பேச்சில்
யார் யாருக்குக் கொடுத்தார்கள், யாரை யார் துரத்தினார்கள்
எல்லாம் கொஞ்சம் உத்தேசம்தான்.

நோர்ட்பான்ஹோஃபில் இறங்கினோம்.
ஒரு காலத்தில் இங்கே ரயில் நிற்காதாம்.
மேற்கின் ரயில் கிழக்கின் அடிவயிற்றில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து கடக்குமாம்.
மங்கிய விளக்கடியில் துப்பாக்கியோடு ஓர் ஆள்.
இன்று அதே நடைமேடையில்
எள் தூவிய வளைய ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஒருவன்,
கால்சட்டையெல்லாம் எள்.

மேலே ஏறினால் சுவர் இருந்த கோட்டில்
துருப்பிடித்த கம்பிகள், ஆளைவிட உயரமாக.
சாய்ந்து பார்த்தால் கெட்டிச் சுவர்.
நேரே போனால் நடுவில் நுழையலாம்.
யாச்சின் நுழைந்தாள். "மேற்கு" என்றாள்.
திரும்பினாள். "கிழக்கு."
மறுபடி "மேற்கு."
ஒரு நாய் மட்டும் கவனித்தது.

"எத்தனை வருடம் நின்றது?"
"இருபத்தெட்டு."
"நான் அதற்கு மூன்று வயது மூத்தவள்" என்றாள்
ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல.

அவள் ஊர் ஷியான்.
அங்கே மதிலுக்கு அறுநூறு வயதுக்கு மேல்.
உச்சியில் வாடகை சைக்கிள் ஓட்டலாம்,
கீழே மெட்ரோ, வாசல் கோபுரத்துக்கு வலிக்காமல்
ஒதுங்கி வளைந்து போகும்.
"மதிலுக்கு உள்ளே வாடகை அதிகம்" என்றாள்
பெருமையும் புகாருமாக.

என் முறை. மதுரைக்கும் மதில் இருந்தது.
ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் இடிக்கச் சொன்னார்,
இடித்தவருக்கே இடித்த இடம் என்பார்கள்.
கல்லெல்லாம் அகழிக்குள் போயிற்று.
மதில் நின்ற இடம் இப்போது வெளி வீதி,
நான்கு திசைக்கும் ஒன்று.
"வெளியே-தெரு" என்று மொழிபெயர்த்தேன்.
"எதற்கு வெளியே?"
யோசித்தேன். ஊர் அதைத் தாண்டி
எப்போதோ போய்விட்டது.
பெயர் மட்டும் இன்னும் வெளியே நிற்கிறது,
டவுன் பஸ்ஸுக்கு வழி விட்டுக்கொண்டு.

காவலர்கள் சுட்ட வெற்றுத்தரையில்
கம்புப்பயிர்போல ஏதோ ஆடியது, ரை என்றார்கள்.
அதைப் பார்த்தபடியே
எம்-பத்து டிராமில் ஏறினோம், ஓவியச் சுவர் இருக்கும்
கடைசி நிறுத்தத்தை நோக்கி.

ஏறிய மறு நிமிடம்
நீலக் குல்லாய் போட்ட பயணி ஒருவர் எழுந்தார்,
சட்டென்று பரிசோதகர் ஆனார்.
யாச்சின் சீட்டில் முத்திரை இருந்தது.
என்னுடையதில் இல்லை.
வாங்கினேன், குத்த மறந்தேன்.
மறந்தேன் என்பதற்கு
ஜெர்மனில் எந்தத் துணைவினை? அதையும் மறந்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறக்கினார்கள்.
அறுபது யூரோ.
சாலையில் இரட்டை வரிசைக் கற்கள் ஓடின,
சுவர் போன தடம்.
நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்,
நடுவில் படிவம்.
பிறந்த ஊர்?
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
கற்களின் மேல் சறுக்குப்பலகையில் ஒரு பையன்
தடக் தடக்கென்று தாண்டிப் போனான்,
அவனிடம் எதையும் யாரும் கேட்கவில்லை.

யாச்சின் டிராமோடு போயிருக்கலாம்.
என்னோடு இறங்கியிருந்தாள்.
"எங்கள் வாசலிலும் காசு வாங்குவார்கள்" என்றாள்,
"ஆனால் முன்கூட்டியே சொல்வார்கள்."

ஓவியச் சுவருக்குப் போகவில்லை.
பிறகு மழையும் வந்தது.
பர்ஸில் தண்டச் சீட்டுக்குப் பின்னால்
அந்த இன்னொன்று இருக்கிறது,
முத்திரை விழாமல்,
இன்னும் தொடங்காத இருபத்துநான்கு மணி நேரம்.